வேனில் ஏறி ஓடிய மார்கழி

மார்கழி விடியலில் ஓடுவதற்குக் காலில் பலம் வேண்டாம்; போர்வையை உருவ ஓர் ஆள் போதும். பஞ்சாபில் போர்வெல் லாரியில் கிடந்த வருடம், பல் கிடுகிடுக்கும் குளிரிலும் மூன்று மணிக்கே எழுந்திருக்கிறேன். (எழுப்பியது மேஸ்திரியின் கால்.) எம். புதுப்பட்டியில், அக்கா வீட்டில், சாதாரணப் பனி என்னை ஜெயித்துவிட்டது.

பத்தாவதோடு படிப்பை விட்டு, நாலு மாநிலம் சுற்றிவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். போலீஸ் வேலைக்கு வயது வரம்பில் அது கடைசி வருடம். எழுத்துத் தேர்வில் எப்படியோ தப்பிவிட்டேன், மிச்சம் ஓட்டம். அதில் தோற்றால், அக்கா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைதான் கதி. அப்பாவின் உயிர் அந்த வேலையில்தான் போனது.

"மருந்து ரூமுக்கு நீ போகக்கூடாது. ஓடு" என்றாள் அக்கா. குளிருக்கென்று பளபளக்கும் நீல நைலான் டிராக் சூட்டும் வாங்கித் தந்தாள்.

முதல் நாள் முந்நூறு அடி ஓடியதுமே மூக்கு ஒழுகியது. பின்னால் வந்த கம்பெனி வேன் பக்கத்தில் நின்றது. வேனைத் தவறவிட்டு ஓடுகிற ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

"ஏறுப்பா, மூச்சு வாங்கிச் சாகாத" என்றது ஒரு பெண்குரல்.

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கால் ஏறிவிட்டது. உள்ளே இருபது பெண்கள், இருபது தூக்குவாளிகள், சுடுசோற்றின் ஆவி. அம்மாடி, என்ன கதகதப்பு! சிவகாசி ரோட்டு டீக்கடையில் இறங்கி, ஒரு டீ குடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, பஸ்ஸில் ஊர் திரும்பி, கடைசித் தெருவில் மட்டும் ஓடினேன். அடுத்த வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா, "எம்புட்டு வேர்வை!" என்று முந்தானையால் துடைத்துவிட்டாள்.

இப்படிப் பத்து நாள் 'ஓடி' இரண்டு கிலோ ஏறினேன்.

பதினோராம் நாள், ஏதோ அவசர ஆர்டர் என்று இரண்டு வேனும் அடுத்தடுத்துக் கிளம்பியிருக்கின்றன. எனக்குத் தெரியாது. டீக்கடை கடந்துபோனதும் தெரியாது, தூங்கிவிட்டேன். கண் பாதி திறந்தபடி கூட்டத்தோடு இறங்கி, கம்பெனி கேட்டையும் தாண்டிவிட்டேன்.

வாட்ச்மேன் அண்ணாச்சி அலறினார். "ஏலே, நைலான்லே அது!"

நைலான் உரசினால் பொறி வரும் என்று அங்கே எல்லாருக்கும் பருத்தித் துணிதான். பதறிப்போய் ஜிப்பைப் பிடித்தேன்.

"கழட்டாதலே! கழட்டுனா இன்னும் பொறி வரும். உரசாம நட!"

கையைத் தூக்கி, காலை அகட்டி, வாத்துபோல வெளியே வந்தேன். அங்கே இரண்டாவது வேனிலிருந்து அக்கா இறங்கிக்கொண்டிருந்தாள்.

"இங்கன என்னலே செய்ய?"

நான் பொய் தேடுவதற்குள் ஒருத்தி முந்திக்கொண்டாள். "ஒன் தம்பியாக்கும்? பத்து நாளா எங்க வேன்லதான வாராக! நல்லாக் கொறட்டை விடுவாக."

அக்கா என் நைலானைப் பார்த்தாள். மருந்து அறைகள் இருக்கும் பக்கம் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. பிறகு தூக்குவாளியைக் கீழே வைத்து, சேலையை இடுப்பில் செருகினாள்.

"ஓடுலே."

அன்றைக்குத்தான் ஓடினேன். துரத்தி வந்த அவள் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டாளாம். அதுகூடத் தெரியாமல் வீடுவரை ஓடினேன். குளிரே தெரியவில்லை.

ஆனால் ஓட்டத் தேர்வுக்கு ஆறு நாள்தான் இருந்தது. நேரம் முடிந்தபோது எனக்கு இன்னும் கால் சுற்று பாக்கி.

மூன்றாம் நாள் அக்கா கம்பெனி ஆபீசுக்குப் போய், வேனுக்கு டிரைவர் தேவையா என்று கேட்டு வந்தாள். லாரியில் சுற்றிய காலத்து லைசென்ஸ் என்னிடம் இருந்தது. இன்றுவரை அந்த வேனை நான்தான் ஓட்டுகிறேன். வேன் கேட்டோடு நின்றுவிடும். அதற்கு உள்ளே எனக்கு வேலை இல்லை. அக்காவுக்கு அது போதும்.

ஆனாலும் விடமாட்டாள். விசேஷ வீட்டில் யாராவது, "தம்பி போலீசுக்கு ஓடிப் பழகுனாகளே, என்னாச்சு?" என்று கேட்டால் போதும், இலையில் குனிந்தபடியே சொல்வாள்:

"நல்லாத்தான் ஓடுனான். டீசல் தீந்துபோச்சு."