கழுதை கூட்டம் சேராது

கழுதையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கழுதை பாவம், பிழை விட்டது நான்தான். ஆனால் என்மேலேயே எவ்வளவு காலம்தான் கோபப்படுவது?

பல்கலைக்கழகக் கடைசி வருட ஆய்வுக்கு எங்கள் கல்பிட்டியில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளை எடுத்திருந்தேன். ஆண் கழுதை தனியே நின்று தன் எல்லையைக் காக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. (பாலைவனத்துக் கழுதையைப் பற்றிய புத்தகம். அதை யார் கவனித்தார்!) அப்பாவின் வள்ளத்துக்குப் பூசும் நீலப் பெயின்றால் ஏழு ஆண் கழுதைகளின் பின்பக்கத்தில் இலக்கம் போட்டேன். ஏழாம் இலக்கம் உதைத்தது. காலையில் பற்றைக் காட்டுக்குள் அவை தனித்தனியேதான் நின்றன. வெயில் ஏறியதும் நான் வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன். பெரிய விஞ்ஞானி!

அம்மாவுக்குச் சந்தையில் மரக்கறிக் கடை.

"பிள்ளை, கடை கட்டுற நேரம் சந்தைக்குப் பின்னால வந்து பார். உன்ர நம்பர் எல்லாம் அங்கதான் நிக்குது."

"உங்களுக்கு மரக்கறிதான் தெரியும் அம்மா. சும்மா இருங்கோ."

இப்போது நினைத்தாலும் அந்த வாயில் இரண்டு போடலாம் போலிருக்கிறது. 'கழுதை கூட்டம் சேராது' என்று அறிக்கையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

விரிவுரையாளர் மிஸ் நேரில் பார்க்க வந்தார். அவர் சரி என்றால்தான் அந்த வருடம் பட்டம். பற்றைக்குள் இரண்டு மணித்தியாலம் அலைந்தோம், ஒரு வால்கூடத் தென்படவில்லை. தாகத்துக்கு ஏதாவது கொடுக்கலாம் என்று வீட்டுக்குக் கூட்டி வந்து படலையைத் திறந்தேன்.

முற்றம் நிறையக் கழுதை! ஏழு இலக்கமும் பூசணிக்காய்க் குவியலில் தலை வைத்து நின்றன. பரம எதிரிகள் என்று நான் இரண்டு பக்கம் எழுதிய மூன்றும் ஐந்தும் ஒன்றின் கழுத்தை ஒன்று சொறிந்துகொண்டிருந்தன.

"வாங்கோ மிஸ்!" அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "நீங்க வெயில்ல அலையக் கூடாது எண்டுதான் எல்லாரையும் இஞ்ச வரப் பண்ணினன்."

"ஆர் உங்களைக் கேட்டது? என்ர படிப்பையே நாசமாக்கிப் போட்டீங்களே!" என்று மிஸ்ஸுக்கு முன்னாலேயே கத்தினேன். அம்மாவின் முகம் செத்துப்போனது.

மிஸ் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இதுகள் எப்பவும் இப்பிடித்தானா அம்மா?"

"தீன் குறைஞ்ச இடத்தில தனியத்தான் மேயும், மிஸ். சந்தையில மரக்கறிக் கழிவு நிறையக் கிடக்கு, அங்க கூடி நிக்கும். இடத்துக்கேத்த மாதிரி இதுகள் மாறும். ரெண்டு மாசமா இவளிட்டச் சொல்றன்."

மிஸ் கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு மணித்தியாலம் அம்மா சொல்லச் சொல்ல எழுதினார். போகும்போது என் அறிக்கையைக் கையில் தந்தார். "திரும்ப எழுதுங்க. அம்மாட்டக் கேட்டு எழுதுங்க."

பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. இன்று நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர். நாளைக்கு மழை வரும் என்று வீட்டில் நான் வாய் திறந்தால் போதும், தம்பி தொடங்கி என் கணவர் வரை, "அம்மாட்டக் கேட்டாச்சோ?" என்று சிரிக்கிறார்கள்.

அம்மா மட்டும் அதை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். ஒருமுறை சொல்லித் தொலைத்திருந்தால், அன்று கத்தியதற்கு நானும் எப்போதோ மன்னிப்புக் கேட்டிருப்பேன்.