லயத்தைக் கண்டறியாத முதலாம் வருஷத்தார்

ஆண்டுதோறும் தை பிறந்ததும் நமது மலைநாட்டுக் கல்லூரிகளில் ஓர் அபூர்வப் பிறவி வந்து இறங்கும். கையில் புது டிரங்குப் பெட்டி, காலில் கடிக்கிற சப்பாத்து, தலையில் அரைப் போத்தல் தேங்காயெண்ணெய். இவருடைய விசேஷம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தை இவர் கண்ணால் கண்டதில்லை என்பது. கந்தப்பளைக்கும் நோர்வூட்டுக்கும் நடுவில் எங்கேயோ பிறந்து, பதினேழு வயது வரை தேயிலையைத் தவிர வேறு பச்சையே பார்த்திராத இவரிடம் லயம் என்று சொல்லிப் பாருங்கள். சங்கீதத்தில் வருமே, அதுவா என்று கேட்டாலும் கேட்பார்.

எந்த ஊர் என்றால், "டவுன்தாங்க" என்பார். எந்த டவுன் என்று கேட்டால் இருமல் வந்துவிடும். அப்பாவுக்கு என்ன உத்தியோகம்? "ஸ்டாப்புங்க." அதாவது தோட்டத்து உத்தியோகஸ்தர், கந்தோரிலோ தொழிற்சாலையிலோ மாதச் சம்பளம் வாங்கிச் சப்பாத்தும் போடுகிறவர். சுதந்திரம் வந்து பத்து வருஷமாகிறது, வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் பலர் இன்னும் கப்பலேறவில்லை, அதற்குள் நம் கல்லூரி விடுதி ஒன்றில் மட்டும் பெரிய கிளாக்கர் மகன்களும், தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் மகன்களும் இத்தனை பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அத்தனை அப்பாமாருக்கும் வேலை கொடுப்பதென்றால் இலங்கை முழுவதும் தேயிலை நட்டாலும் போதாது. கொழுந்து பறிக்கத்தான் ஆளிருக்காது. கிளாக்கர்மாரே கூடையைக் கட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான்.

நம்முடைய செல்லசாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். ராகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மா பேச்சியம்மா கொழுந்தெடுக்கிறாள். அப்பா கத்தியும் கையுமாகத் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறார். அந்த மலையிலிருந்து கல்லூரிப் படி மிதித்த முதல் பிள்ளை இவன். மார்தட்டிச் சொல்ல வேண்டிய சங்கதி அல்லவா? இவனோ வந்திறங்கிய அன்றே அப்பாவைப் பெரிய கிளாக்கராக்கிவிட்டான். எந்தத் துரையும் கொடுக்காத உத்தியோக உயர்வு, பெற்ற பிள்ளை கொடுத்தது.

எல்லாம் பக்கத்துக் கட்டில் முத்துலிங்கத்தால் வந்த வினை. டீமேக்கர் மகன். கசங்காத காலர், அதிராத பேச்சு. பெட்டியைத் திறக்கும்போதே அவன் சொல்லிவிட்டான்:

"ஸ்டாப் வீட்டுப் பிள்ளைங்களோட மட்டும் பழகச் சொல்லி வீட்ல சொல்லியிருக்காங்க. நீங்க எப்பிடிங்க?"

செல்லசாமியின் வாய் தானாகத் திறந்தது. பெரிய கிளாக்கர் வெளியே வந்து விழுந்தார். வேறு என்ன செய்வான்? பழகாத ஊர், வாயைத் திறந்தால் கேலி செய்யும் மேல்வகுப்புக்காரர்கள், விளங்காத இங்கிலீஷ் பாடம். அதற்குள் கிடைத்த ஒரே துணை முத்துலிங்கம். குட்டு வெளிப்பட்டால் அந்தத் துணையும் போச்சு. அன்று முதல் பெரிய கிளாக்கர் மகனாகவே அவன் சாப்பிட்டான், படித்தான், பந்தடித்தான்.

பொய்யைச் சொல்வது சுலபம், கட்டி மேய்ப்பதுதான் கஷ்டம். காலையில் விடுதியில் பேக்கரிப் பாண் கொடுத்தால், வீட்டிலும் தினம் இதுதான் என்பதுபோல் சலித்துக்கொண்டு தின்ன வேண்டும். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் நினைவுக்கு வந்து நாக்கில் நீர் ஊறினால், ஊறவில்லை என்று விழுங்க வேண்டும். தோட்டத்தில் கொடுத்த கறுப்புக் கம்பளியை அம்மா பெட்டியின் அடியில் வைத்து அனுப்பியிருந்தாள். அதை வெளியே எடுத்தால் ஆயிரம் கம்பளிக்கு நடுவிலும் இது தோட்டத்துக் கம்பளி என்று யாரும் சொல்லிவிடுவார்களே? ஆகவே மெல்லிய வெள்ளைத் துப்பட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டக் கிடந்தான். முத்துலிங்கமும் ஏனோ அப்படித்தான் கிடந்தான். இருவரும் காலையில் எழுந்து, குளிர் ஒன்றும் அவ்வளவு இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். மூக்கு மட்டும் இருவருக்கும் ஒழுகும்.

ஒருநாள் விஞ்ஞான மாஸ்டர் ஒரு கிளையை ஒடித்து வந்து மேசையில் வைத்து, இது என்ன தாவரம் என்று கேட்டார். இரண்டு இலையும் ஒரு மொட்டும். வகுப்பே யோசித்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தது! பேச்சியம்மா பெற்ற பிள்ளை எழுந்து, குரோட்டன் வகையாக இருக்கலாம் என்றான். முத்துலிங்கம் எழுந்து, குரோட்டனாக இராது, எங்கள் பங்களாத் தோட்டத்தில் இப்படி ஒன்று இல்லை என்றான். மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் அதே தாவரம்தான். அவர் பாவம், மாத்திரை போட்டுக்கொள்ளப் போய்விட்டார்.

இதுவரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஓர் இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளத்துக்கு மறுநாள் பலகாரம் சுட்டுக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வருவதாகப் பேச்சியம்மா ஆளிடம் சொல்லி அனுப்பினாள். கல்லூரியில் பெண்பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று செல்லசாமி பதில் சொல்லி அனுப்பினான். பெரிய படிப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நம்பிவிட்டாள். இதற்கு அவனை நாலு அறை அறையலாம். ஆனால் அந்தப் பிள்ளை தன் தாயை ஒளித்து வைக்கும்படி செய்த உலகத்தை எங்கே பிடித்து அறைவது?

இப்படியாக ஆனி மாதம் வந்தது, மழையும் வந்தது. ஒரு பிற்பகல் முதலாம் வருஷத்தார் எல்லாரும் குடை பிடித்துக்கொண்டு, வகுப்பிலிருந்து விடுதிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள். முத்துலிங்கத்தோடு செல்லசாமி முன்னால். எதிரே பனிப்புகாருக்குள்ளிருந்து ஓர் உருவம் இறங்கி வந்தது. காக்கி அரைக்காற்சட்டை. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. தலையில் அகலத் தொப்பி. கையில் பிரம்பு. முன்னால் ஒரு நாய்.

தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, யாருக்கும் மறந்ததுமில்லை. துரை எதிரே வந்தால், தொழிலாளி வீட்டு ஆள் குடையை மடக்கிக்கொண்டு, பாதையை விட்டு, ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கி, அவர் கடக்கும் வரை நிற்க வேண்டும். அடைமழையானாலும் சரி. உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கிடையாது. அவர்கள் பாதையிலேயே நின்று குட்மோர்னிங் சொல்லுவார்கள்.

செல்லசாமி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நின்றிருப்பான். கை குடையை மடக்கிவிட்டது. கால் கானுக்குள் இறங்கிவிட்டது. முழங்கால் வரை சேற்றுத் தண்ணீர் ஏறிய பிறகுதான் அறிவு வந்தது. தொலைந்தோம் என்று நினைத்தான். பெரிய கிளாக்கர் மழையில் கரைந்து ஓடுவதை அவனே பார்த்தான். முத்துலிங்கத்தின் முகத்தைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்தான்.

குனிந்த இடத்தில், தன் காலுக்குப் பக்கத்தில், சேற்றுக்குள் இன்னொரு ஜோடிக் கால் நின்றது.

முத்துலிங்கம். காலர் நனைந்து தொங்கியது. மடக்கிய குடை கக்கத்தில். அவனுக்குப் பின்னால் இன்னொருவன், அதற்குப் பின்னால் இன்னொருவன். கிளாக்கர் மகன்கள், டீமேக்கர் மகன்கள், மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மகன்கள், அத்தனை பேரும் கானுக்குள் ஒரே வரிசை. பாதையில் விரித்த குடையோடு நின்றவன் நோர்வூட் கடைக்காரர் மகன் இப்றாஹிம் ஒருவன்தான். யாருக்கும் குடை மடக்கிப் பழகாத அவன், இவர்கள் எல்லாரும் எதைத் தேடி இறங்கினார்கள் என்று தெரியாமல் விழித்தான்.

வந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த தேகப்பயிற்சி மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் திகைத்துப் போனார்.

"ஏன் தம்பி, இந்த மழைக்குள்ளை குடையை மடக்கிப்போட்டு நிக்கிறியள்?"

வரிசை முழுவதும் சேற்றையே பார்த்தது. அவர் நாயைக் கேட்பதுபோல் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகும் யாரும் ஏறவில்லை. குடையை விரிக்கவும் இல்லை. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கடைசியில் முத்துலிங்கம்தான் வாயைத் திறந்தான். அரை வருஷமாக இருந்த 'ங்க' அதில் இல்லை.

"நீ எத்தனாம் நம்பர் லயம்டா?"

"அஞ்சு," என்றான் செல்லசாமி. "பீலிக்கரை லயம்."

வாசகரே, நீங்கள் அந்த ரகம் அல்ல, எனக்குத் தெரியும். நீங்கள் டவுன். இருந்தாலும் நாளைக்கு ஏதோ ஒரு கந்தோருக்குப் போகிறீர்கள், பெரிய மேசைக்குப் பின்னால் இருப்பவர் உட்காருங்கள் என்கிறார், அதற்குப் பிறகும் நீங்கள் நின்றுகொண்டே இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதகமில்லை. பக்கத்தில் உங்களைப் போலவே ஒருவர் நிற்பார். மெதுவாக அவரிடம் கேளுங்கள், எந்த லயம் என்று.