பெரணிக்கு மூன்று கரண்டி

டிங், டிங், டிங். சாத்திய குளியலறைக் கதவுக்குப் பின்னால் கண்ணாடி டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம்.

“என்னங்க அது?” சமையலறையிலிருந்து மனைவி.

“பெரணிச் செடிக்கு ஊட்டம் கலக்கறேன்.”

“அங்கேயா?”

“காத்து படக்கூடாது. கிருமி வந்துடும்.”

கிருமிக்குப் பயந்த அந்த ஊட்டம் அடுத்த நொடியே குடுவைக்காரரின் தொண்டையில் இறங்கியது. தேநீர். மூன்று கரண்டி இனிப்போடு.

தாவர ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷமாகக் குடுவை கழுவுகிறார். பட்டப்பெயர் அப்படி வந்தது. கழுவும்போது காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்து வைத்துப் பாதி விஞ்ஞானி ஆகிவிட்டார். மீதிப் பாதி சர்க்கரை நோயாளி. மருத்துவர் சொன்ன அன்றே மனைவி சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அவர் அசரவில்லை. ஆறு கண்ணாடித் தட்டுகளில் கடல்பாசிக் களி ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“பெரணிக்கு விதை கிடையாது. தூள்தான். களியில தூவினா முதல்ல விரல் நகம் அளவுக்கு, இதயம் மாதிரி ஒரு பச்சை வரும். களியில இருக்கற உப்புச் சத்து மட்டும் அதுக்குப் போதாது. சர்க்கரை வேணும்.”

“எவ்வளவு?”

“வாரம் தட்டுக்கு மூணு கரண்டி. கரைச்சுத் தெளிக்கணும்.”

“அந்த நகத்துக்கா?”

“வளர்ற வயசு.”

மனைவி தலையாட்டினாள். வாராவாரம் ஆறு பொட்டலம் மடித்துக் கொடுத்தாள். தட்டுகளுக்கு வெறும் தண்ணீர் போனது. பொட்டலம் போன வழி குளியலறைக்குத் தெரியும்.

இரண்டு மாதத்தில் வெற்றிமேல் வெற்றி. ஆறு தட்டிலும் பச்சை இதயங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அதைவிட அதிசயம், ரத்தப் பரிசோதனையில் அவருடைய சர்க்கரை இறங்கியிருந்தது. சர்க்கரை தின்றால் சர்க்கரை இறங்குகிறது. இதை உலகத்துக்கு எப்படிச் சொல்வது என்பது ஒன்றுதான் சிக்கல்.

தட்டுகளை மேஜையில் வரிசையாக அடுக்கினார். “பாத்தியா? எல்லாம் சர்க்கரையோட வேலை.”

மனைவி உள்ளே போய் ஏழாவதாக ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். அதில் பச்சையே இல்லை. பழைய கம்பளி மாதிரி சாம்பல் பூஞ்சை.

“உங்க மிச்சக் களிதான். அதே தூள். நிஜச் சர்க்கரை மூணு கரண்டி. இதுல மட்டும் ஏன் கம்பளி முளைச்சிருக்கு?”

“உன் கைராசி.”

“கைராசியா? இதைத் தேடி எறும்பு வரிசை கட்டுது. உங்க ஆறு தட்டை ஒரு எறும்புகூட எட்டிப் பாக்கலையே?”

குடுவைக்காரர் தட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கூரை உதவவில்லை.

“சரி. தட்டுல போடல.”

“தெரியும். குளியலறையில டீ டம்ளரை மறந்துட்டு வந்துடறீங்க.”

பிடிபட்டாலும் அவரிடம் இன்னும் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. பரிசோதனைத் தாளை எடுத்து விரித்தார். “ரெண்டு மாசம் நான் குடிச்சேன். ஆனாலும் இறங்கியிருக்கு. இதுக்கு என்ன சொல்ற?”

“இந்தத் தட்டுக்கு நிஜச் சர்க்கரைன்னு சொன்னேனே, காதுல விழலையா? உங்க பொட்டலத்துல இருந்தது மருந்துக்கடையில விக்கற, சர்க்கரை இல்லாத இனிப்புத் தூள்.”

குடுவைக்காரர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். ஏழாவது தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து கழுவ ஆரம்பித்தார்.