ஒன்பதாம் நம்பர் அறை பார்கோடு

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எத்தனை கம்பெனி முளைத்தாலும், எத்தனை ஆயிரம் கார் கப்பலேறினாலும், இந்த வட்டாரத்திலிருந்து உலகத்துக்குப் போன உருப்படியான சரக்கு ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்தவன் என் லாட்ஜில் ஒன்பதாம் நம்பர் அறையில் இருந்தான். பெயர் பார்கோடு.

பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். வாடகை ரசீதில் எழுதும் நாளில் மட்டும் அது எனக்கு ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் எல்லோருக்கும் அவன் பார்கோடுதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை நிற்காது. நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் போகவில்லை. செங்கல் சூளையில் கல் சுமந்து, மணல் லாரியில் கிளீனராகி, பிறகு அதே லாரியை விலைக்கு வாங்கி, மண்ணூரில் மூன்று மாடி லாட்ஜ் கட்டியவன். என்ஜினீயர் இல்லாமல் கட்டினேன். இன்றுவரை சுவரில் ஒரு விரிசல் கிடையாது. ஒன்று இருக்கிறது, அது பெயிண்டில்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் என் லாட்ஜ் முழுக்கத் தென்மாவட்டத்துப் பையன்கள். பார்கோடு அவர்களில் மூத்தவன், முப்பத்தைந்து இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. வருகிற பெட்டிக்கெல்லாம் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி, மெஷினால் "டிக்" என்று ஒரு சத்தம் வைப்பான். அவ்வளவுதான் அவன் வேலை. ஆனால் ஷிப்ட் முடிந்தும் அவனுக்கு வேலை முடியாது. அச்சு மங்கிப்போய்க் கழித்துக்கட்டின ஸ்டிக்கர் ரோலை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்து, லாட்ஜில் அசையாத பொருளுக்கும் அசைகிற பொருளுக்கும் ஒட்ட ஆரம்பித்தான். வாளி, குவளை, விளக்குமாறு, வாசலில் படுத்திருக்கும் நாய். ஒரு நாள் மெஸ் நடத்தும் சரோஜா கரண்டியும் கையுமாக என்னிடம் வந்து நின்றாள்.

"இன்னா இது? உன் ஆளு கரண்டிக்கு நாமம் போட்டு வச்சிகிறான்?"

பார்த்தேன். கறுப்புக் கோடு நெட்டு நெட்டாக. பெருமாள் கோயில் ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு அவள் சொன்னதில் தப்பே இல்லை. பார்கோடைக் கூப்பிட்டேன்.

"யோவ், சாம்பார் கரண்டிக்கு இன்னாத்துக்குய்யா ஸ்டிக்கரு?"

"காணாம போச்சுன்னா கண்டுபிடிச்சிரலாம் அண்ணாச்சி."

"நான் இன்னா கரண்டிய லாரில ஏத்தி வெளியூருக்கா அனுப்பறேன்?" என்றாள் சரோஜா.

"நீங்க அனுப்ப மாட்டிய. அதுவா போவும்."

அன்று குளிக்கப் போனபோதுதான் பார்த்தேன், என் செருப்பிலும் ஒன்று இருந்தது. வலதுக்குத் தனி நம்பர், இடதுக்குத் தனி நம்பர்.

அந்த வருஷம் ஒரு பெரிய கம்பெனி, பையன்கள் படிக்கட்டும் என்று பெட்டி பெட்டியாகப் புத்தகம் கொடுத்தது. கீழ்த்தளத்து ஹாலை நான் இலவசமாக விட்டேன். "கம்பெனி காரிடாரிலேயே முதல் லாட்ஜ் நூலகம்" என்று போர்டு வைத்து, பார்க்கிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லாமல் இருக்க முடியுமா? ஐந்தாம் வகுப்புக்காரன் வைத்த நூலகம்!

ஒரு வருஷம் கழித்து அந்தக் கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தார். மறுபடியும் துடைத்துவிட்டுப் பார்த்தார். பொக்கை வாய் மாதிரி இருந்தது. பாதிப் புத்தகம் இல்லை. பையன்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் படிக்க என்று எடுத்துப் போவார்கள். ஊரில் பெண் பார்ப்பார்கள், கல்யாணம் ஆகும், பையன் திரும்பி வருவான், புத்தகம் வராது. சிலர் வேலையை விட்டே போய்விட்டார்கள், புத்தகத்தோடு.

"ஒரு மாசம் டைம் தர்றேன். கணக்கு காட்டுங்க. இல்லன்னா மிச்ச புத்தகத்தை வேன்ல ஏத்தி வேற ஊர் ஸ்கூலுக்குக் கொடுத்துடுவோம்" என்றார்.

ஹாலைக் கேட்டு ஒரு செல்போன் கடைக்காரர் ஏற்கெனவே என் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தார். நானும் கொஞ்சம் அசைந்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். அப்போது பார்கோடு என் எதிரில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஹாலை யாருக்கும் குடுக்காதிய. ஒரு மாசம். நான் அத்தனையையும் வரவழைக்கேன்."

"வரலன்னா?"

"புஸ்தகம் போற வேன்லயே என் பெட்டியையும் ஏத்திருங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும் பையன்கள் கட்டிலில் விழுவார்கள், இவன் அந்த ஹாலில்தான் கிடப்பான். அது இல்லாவிட்டால் ஒன்பதாம் நம்பர் அறை அவனுக்கு வெறும் பாய் போடும் இடம்.

மூடிப்போன ஒரு பிரௌசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டரும், கரகரவென்று கத்துகிற பிரிண்டரும், டிக் வைக்கிற பழைய மெஷின் ஒன்றும் வாங்கி வந்தான். அதில் நூலகத்துக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் ஏற்றினான். விலை என்ன என்று கேட்டேன்.

"விலையே கிடையாது அண்ணாச்சி."

"திருட்டா?"

"இல்ல, சும்மாவே குடுக்காங்க. உலகம் பூரா ஆளுக சேந்து எழுதுதாங்க. யாரு வேணா எடுக்கலாம், யாரு வேணா பிரிச்சுப் பாக்கலாம்."

சும்மா கொடுப்பவனை நான் நம்பினதே கிடையாது. சூளையில் ஒருத்தன் சும்மா டீ வாங்கிக் கொடுத்தான், சாயங்காலம் அவன் பங்குக் கல்லையும் நான்தான் சுமந்தேன். அதைச் சொன்னேன். அவன் வாசலில் நின்ற என் லாரியைக் காட்டினான்.

"உங்க லாரி பானட்டைத் தொறந்து நீங்களே ரிப்பேர் பாப்பியல்லா? பானட்டை வெல்டிங் வச்சு அடைச்சு வித்தா வாங்குவியளா?"

"எவன் வாங்குவான்?"

"காசு குடுத்து வாங்குத சாஃப்ட்வேர் பூரா அப்படித்தான். இது பானட் தொறந்த வண்டி."

அன்றைக்கு எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு முடிந்துவிட்டது. அதற்கு மேல் இதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இருந்த புத்தகத்துக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி முடித்தான். பிறகு ஆட்கள். முதல் உறுப்பினர் நான். ஒன்றாம் நம்பர். சும்மா இருக்கக் கூடாதே என்று படம் நிறைய இருந்த ஆடு வளர்ப்புப் புத்தகம் ஒன்றை என் பேரில் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் எடுத்ததெல்லாம் ஒரு நீட்டு நோட்டில் இருந்தது. "முத்துக்குமார், ரூம் 6" என்று எழுதியிருக்கும். என் லாட்ஜில் முத்துக்குமார் மட்டும் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் ரூம் ஆறு. மூன்று பேர் ஊருக்கே போய்விட்டார்கள். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. யார் குடிவந்தாலும் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வாங்காமல் நான் சாவி கொடுக்க மாட்டேன். அந்த ஃபைலைக் கொண்டுவந்து பொத்தென்று போட்டேன். போனவன், வந்தவன், அத்தனை பேருடைய ஊர் விலாசமும், அப்பா பெயரும்!

"அண்ணாச்சி, நீங்க பெரிய ஆளு" என்றான் பார்கோடு. சரியாகச் சொன்னான்.

தட்ட உட்கார்ந்தவன் முதல் ஆளிலேயே நின்றுவிட்டான். கம்ப்யூட்டர் சர்நேம் கேட்டதாம், அதாவது குடும்பப் பெயர். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதாம். இரண்டு நாள் மெஸ்ஸில் இதே பேச்சு.

"சார் நேம்தானே? அவன் சூப்பர்வைசர் சார் பேரைப் போடு" என்றாள் சரோஜா.

"இந்த லாட்ஜுக்கே சார் நான். என் பேரைப் போடு" என்றேன்.

"உன் பேரைப் போட்டா அல்லாரும் உனக்குப் பொறந்தவங்கன்னு நெனச்சிக்கப் போவுது" என்றாள்.

அந்தப் பேச்சில்தான் பார்கோடுக்குப் பொறி தட்டியது. சர்நேம் கட்டத்தில் ஒவ்வொருத்தனுக்கும் அப்பா பெயரைப் போட்டான். விலாசத்துக்கு ஊர் விலாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டனை அமுக்கினான். போஸ்ட் கார்டு கட்டுக்கட்டாகக் கரகரவென்று வந்து விழுந்தது.

"இன்னும் சரி பாக்கல அண்ணாச்சி. தொடாதிய" என்று சொல்லிவிட்டு மறுநாள் ஷிப்டுக்குப் போய்விட்டான்.

தொடாதே என்றால் நான் தொடாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் சூளையில்தான் இருந்திருப்பேன். மாசத்தில் பத்து நாள்தான் பாக்கி. அவனுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அத்தனை கார்டையும் எடுத்துப் போய் ஸ்ரீபெரும்புதூர் போஸ்ட் ஆபீசில் போட்டுவிட்டு, பெருமாளுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். படித்துப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். எழுத்துக் கூட்டிப் படித்தால் ஒரு கார்டுக்குக் கால் மணி ஆகும்.

மூன்றாம் நாள் போன் அடித்தது.

"ஏ, யாருய்யா அது? நான் சுடலைமுத்து பேசுதேன், சங்கரன்கோவில்ல இருந்து. 'திரு. சுடலைமுத்து அவர்களே, தாங்கள் எடுத்துச் சென்ற நூலை உடனே திருப்பவும்'னு கார்டு போட்டிருக்கிய. நான் பொறந்ததுல இருந்து விழுப்புரம் தாண்டுனதில்ல. நான் என்னத்த எடுத்தேன்?"

அப்புறம்தான் தெரிந்தது. வெளிநாட்டில் கார்டு போட்டால் சர்நேமைத்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். கம்ப்யூட்டரும் அதே மரியாதையோடு, பையன்களை விட்டுவிட்டு, அவர்கள் அப்பாக்களையெல்லாம் கூப்பிட்டிருந்தது! தேனி, விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி என்று ஜில்லா ஜில்லாவாகத் தகப்பன்மார்கள் புத்தகத் திருடர்களாகிவிட்டார்கள்.

பார்கோடு தலையில் கை வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"போச்சு அண்ணாச்சி. பெட்டியைக் கெட்டிர வேண்டியதுதான்."

ஆனால் சாயங்காலம் ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கின ஒவ்வொரு பையனும் காதில் செல்போனோடுதான் இறங்கினான். எல்லா போனிலும் ஒரே பாட்டு.

"ஏலே, எம்பேரைச் சொல்லியா புஸ்தகம் எடுத்தே? போஸ்ட்மேன் தெருவே கேக்க வாசிச்சிட்டுப் போறாம்லே! நாளைக்குள்ள அது அங்கன போய்ச் சேரல, நீ ஊருப் பக்கம் வராத!"

எந்த நோட்டீசுக்கும் அசையாத பயல்கள் அப்பன் குரலுக்கு ஆடிப்போனார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து, டிரங்குப் பெட்டியிலிருந்து, மிக்சர் டப்பாவுக்குப் பின்னாலிருந்து புத்தகம் வந்தது. பிறகு தபாலில் வந்தது. ஆம்னி பஸ் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டுக்கட்டாக வந்தது. வேலையை விட்டுப் போனவர்களிடமிருந்தும் வந்தது, அவர்களுக்கும் அப்பா இருந்தார்களே. பார்கோடு ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி டிக், டிக் என்று வைத்துக்கொண்டே இருந்தான். அந்த வாரம் சரோஜா ரசத்துக்கு அந்தச் சத்தத்தை எண்ணித்தான் உப்புப் போட்டாள்.

சுடலைமுத்து நேரிலேயே வந்துவிட்டார். மகன் வீட்டில் விட்டுப் போன புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"எம்பேரை அடிச்சாத்தான் இந்த எடத்தை விட்டு எந்திரிப்பேன்."

பார்கோடு டிக் வைத்தான். "அடிச்சாச்சு ஐயா. இப்ப உங்க பேருல ஒண்ணும் பாக்கியில்ல."

பெரியவர் எழுந்திருக்கவில்லை. அலமாரியை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப மெம்பர் எம்பேருலதான இருக்கு?"

"ஆமா ஐயா."

"அப்ப நான் ஒண்ணு எடுக்கலாமா?"

எடுத்துக்கொண்டுதான் போனார். சொன்ன தேதியில் தபாலில் திருப்பியும் அனுப்பினார். அவர் மகன் செய்யாத காரியம்.

மாசக் கடைசியில் வெல்ஃபேர் ஆபீசர் வேனோடு வந்தார். நான் வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நின்றேன். பார்கோடு அன்று லீவு போட்டிருந்தான். ஆபீசர் ஒரு மணி நேரம் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"என்ன சார் இது, நாங்க கொடுத்ததைவிட ஒன்பது அதிகமா இருக்கு?"

பயந்துபோன அப்பாக்கள் சிலர், எதற்கு வம்பு என்று வீட்டிலிருந்த புத்தகத்தையெல்லாம் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அதில் ஒன்று ஏதோ ஊர்ப் பள்ளிக்கூடத்துப் புத்தகம், முத்திரையோடு இருந்தது. அதைத் தபாலில் அந்தப் பள்ளிக்கே அனுப்பினோம்.

"ஒண்ணே ஒண்ணு உள்ள இல்லையே?" என்று ஆபீசர் திரையைக் காட்டிக் கேட்டார்.

"அது ஒண்ணாம் நம்பர் மெம்பர்ட்ட இருக்கு சார்" என்றான் பார்கோடு, என்னைப் பார்க்காமல். ஆடு வளர்ப்பு.

வேன் காலியாகத் திரும்பியது. அடுத்த மாதம் அதே வேனில் இரண்டு புது அலமாரியும் ஒரு புதுக் கம்ப்யூட்டரும் வந்தன. செல்போன் கடைக்காரரை எதிர்ச் சாரியில் கடை பார்க்கச் சொல்லிவிட்டேன்.

இதோடு நிறுத்தினால் அவன் பார்கோடு அல்ல. பானட் திறந்த வண்டி அல்லவா, அந்த சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் முயன்று ஒரு மெயில் போட்டான். எங்கள் ஊரில் சர்நேம் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் உண்டு, அது பெயருக்கு முன்னால் நிற்கும் என்று. எங்கேயோ குளிர் நாட்டிலிருந்து ஒரு அம்மாள், "ஏன் முன்னால்?" என்று கேட்டு எழுதினார். "அப்பா முன்னால் போவார், நாங்கள் பின்னால் போவோம்" என்று இவன் பதில் போட்டான். நாலு மாதம் கடிதம் போனது, வந்தது. அடுத்த பதிப்பில் இனிஷியலுக்குத் தனிக் கட்டம் வந்துவிட்டது. மண்ணூர் லாட்ஜிலிருந்து போன சரக்கு! அன்று லாட்ஜ் முழுக்க என் செலவில் கேசரி.

பிறகு எல்லா உறுப்பினர் பெயரையும் ஒவ்வொன்றாகத் திருத்தினான். அப்பாக்கள் விடுதலையானார்கள். சுடலைமுத்து மட்டும் தன் பேரிலேயே மெம்பர் கார்டு வேண்டும் என்று அடம்பிடித்துத் தனி மெம்பராகிவிட்டார்.

இரண்டாயிரத்துப் பதினான்கில் பார்கோடு ஊருக்கே போய்விட்டான். அவன் ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்துக்கும் இதே சாஃப்ட்வேரை ஏற்றப் போகிறானாம். பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"கம்ப்யூட்டரைப் பயலுக பாத்துக்கிடுவாங்க அண்ணாச்சி. எல்லாப் பேரையும் மாத்திட்டேன். உங்க பேரு ஒண்ணுதான் விட்டுப்போச்சு. மறந்துட்டேன்."

மறக்கிற ஆளா அது? என் இரண்டு செருப்புக்கும் தனித்தனி நம்பர் போட்டவன்.

மாதாமாதம் எனக்கு ஒரு கார்டு வருகிறது. "திரு. முனுசாமி அவர்களே, தாங்கள் எடுத்துச் சென்ற நூல் இன்னும் திரும்பவில்லை." முனுசாமி என் அப்பா. ஊரார் ஆட்டை மேய்த்தவர், எல்லாக் காகிதத்திலும் கட்டைவிரலை வைத்தவர், போஸ்ட்மேன் ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிடாத மனுஷன். இப்போது போஸ்ட்மேன் வாசலில் நின்று, "முனுசாமி சார்!" என்கிறார். நான்தான் போய் வாங்குகிறேன்.

ஆடு வளர்ப்புப் புத்தகம் என் தலைமாட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைத் திருப்பினால் கார்டு நின்றுவிடும். அது தெரிந்துதான் பார்கோடு மறந்திருக்கிறான்.