குளியலறையில் ஓர் அபூர்வக் கிளி

‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று ஆரம்பித்து எல்லோரிடமும் சொல்லி முடிக்கிற மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெருங்குலத்தில் ஒரு கிளை உண்டு: அபூர்வக் கிளிக்காரர். நாய் வளர்ப்பவர் நாயோடு வீதியில் நடப்பார். மீன் வளர்ப்பவர் தொட்டியைக் கூடத்தில் வைத்து விளக்குப் போடுவார். இவர் மட்டும் தன் செல்லத்தை உள்ளறையில் பூட்டி, ஜன்னலுக்குக் கனத்த திரை தைத்துப் போட்டு, அந்தத் திரைக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும்படி நடமாடுவார். ரகசியம் என்றால் நாலு பேருக்காவது தெரிய வேண்டாமா?

எங்கள் அடுத்த வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வீடு எரிந்து வந்து நிற்பவரிடம், எரிவதற்கு முன் எடுத்த படம் எங்கே என்று கேட்பார். சட்டம் என்றால் அவருக்கு அவ்வளவு மரியாதை. அலுவலகத்தில்.

நீங்கள் ஏணி இரவல் கேட்க அவர் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். ஏணி கிடைக்காது. உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். நம்பலாமா என்று ஒரு நிமிடம் யோசிப்பது போல இருப்பார். உண்மையில் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் முடிவு செய்தாகிவிட்டது. உங்கள் தோளில் கை போட்டு உள்ளறைக்கு அழைத்துப் போவார். கதவைச் சாத்துவார். குரலைத் தாழ்த்துவார். திரையைக் கொஞ்சமே கொஞ்சம் விலக்குவார்.

கூண்டுக்குள் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பறவை, கத்திரிப்பூ நிறத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

“லவ் பேர்ட்ஸ் மாதிரி இருக்கே சார்?” என்று நீங்கள் வாய் தவறிக் கேட்டுவிடுவீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பரிதாபமாகச் சிரிப்பார்.

“விஷயம் தெரியாதவங்களுக்கு அப்படித்தாங்க தெரியும். அதுதான் இதுக்குப் பாதுகாப்பு.” அப்புறம் மூச்சு விடாமல் ஒரு நீளமான பெயரைச் சொல்வார். ஏதோ ஒரு தீவில், ஏதோ ஒரு மலையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறதாம். மறுபக்கத்தில் கிடையாதாம்.

“இதெல்லாம் வீட்ல வெச்சுக்கலாமா சார்? சட்டம் ஒண்ணும் பண்ணாதா?”

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் இத்தனை நேரம் காத்திருந்தார். முகம் மலர்ந்துவிடும்.

“காட்டுல பொறந்திருந்தா குத்தம். கூண்டுல பொறந்ததுன்னு பேப்பர் இருந்தா ஒண்ணும் இல்ல.”

“பேப்பர் இருக்கா?”

“வந்துக்கிட்டே இருக்கு.”

அந்தப் பேப்பர் அவர் பறவை வாங்கிய நாளிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. நடந்து வருகிறதோ என்னவோ. ஆனால் அது வராமல் இருப்பதில் அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வந்துவிட்டால் கதவைச் சாத்துவதற்கும் குரலைத் தாழ்த்துவதற்கும் என்ன காரணம் சொல்வது? நீங்கள் கைபேசியை எடுத்தால் பதறித் தடுப்பார். “போட்டோ மட்டும் வேண்டாங்க, வெளியே போனா வம்பு.” நீங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பத்துப் படங்களை அவரே அனுப்பியிருப்பார்.

இது ஒரு முகம். வாசல்மணி அடிக்கும்போது இன்னொரு முகம். சீருடை போட்ட யாரைக் கண்டாலும் அவருக்கு வனத்துறை அதிகாரியாகவே தெரியும். மின்சார மீட்டர் பார்க்க வருபவர், பார்சல் கொண்டுவருபவர், ஒருமுறை பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்கு நன்கொடை கேட்டு வந்த பெண்பிள்ளைகள். மணி அடித்ததும், “எடு, எடு!” என்று ஜாடை காட்டுவார். அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, கூண்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்துவார். உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம் வந்தால், வந்தவர் கேட்காமலே இவர் பதில் சொல்வார்: “ஒண்ணுமில்லைங்க, சும்மா லவ் பேர்ட்ஸ்.”

“எனக்கும் அதுக்கும் ஒரே வாழ்க்கைதான் அண்ணா” என்று அந்த அம்மா என்னிடம் ஒருநாள் சொன்னார். “மணி அடிச்சா ஓடணும். அது உள்ள ஓடுது, நான் வாசலுக்கு ஓடறேன்.”

விற்றவன் சொல்லிவிட்டுப் போன கட்டளைகள் வேறு. வெயில் படக்கூடாது. வேற்றுக் கண் படக்கூடாது. முக்கியமாகத் தண்ணீர் படவே கூடாது. மலைப் பறவைக்கு ஒரு சொட்டுப் பட்டாலும் ஜன்னி வந்துவிடும். அலுவலகத்தில் மருத்துவர் கையெழுத்தையே சந்தேகிக்கிற மனிதர், சந்தையில் முகவரி தராத ஒருவன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். குடிக்கத் தண்ணீர் வைக்கும் கிண்ணத்தைக்கூட, அலகு மட்டும் நுழைகிற மாதிரி மூடி போட்டுத்தான் வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. நீலச் சட்டை, கையில் பை. அவ்வளவுதான், கிளி குளியலறைக்குப் போயிற்று. வந்தவர் பிளம்பர். குளியலறை ஷவர் ஒழுகுகிறது என்று அந்த அம்மாதான் வரச் சொல்லியிருந்தார். இந்த அமளியில் அவருக்கே மறந்துவிட்டது. பிளம்பர் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார், நேரே குளியலறைக்குப் போனார், குழாயைத் திறந்து பார்த்தார். கூண்டு நேர் கீழே இருந்தது.

“சார், உங்க குருவி நனைஞ்சிடுச்சு” என்று குரல் வந்தது.

மறுநாள் காலையில் பறவையின் கழுத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. தினையைத் தொடவில்லை. நம்மவர் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தன்னைப் போன்றவர்கள் இருக்கும் கைபேசிக் குழுவில் ஆலோசனை கேட்டார். இந்த நோய் அந்தத் தீவுப் பறவைக்கு மட்டும்தான் வரும் என்றார் ஒருவர். நோயும் அபூர்வம்! அதைக் கேட்டதும் நம்மவருக்கு ஒரு கணம் கவலையே மறந்துவிட்டது. ‘டாக்டரிடம் மட்டும் போய்விடாதீர்கள், காட்டிக்கொடுத்துவிடுவார்கள்’ என்றார்கள் மற்ற எல்லோரும்.

அன்று முழுக்க அந்தப் பறவைக்கு மூச்சு வாங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. நான் ஏணி கேட்டுத்தான் போயிருந்தேன். அதைப் பார்த்ததும் ஏணியை மறந்துவிட்டேன்.

“என்னங்க, அது செத்துடும்” என்றார் மனைவி.

“புரியாமப் பேசாத. என்னை உள்ள வெச்சிடுவாங்க.”

“நீங்க உள்ள போனா திரும்பி வருவீங்க. அது போனா வராது.”

அந்த அம்மா கூண்டின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு படியிறங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் இவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார். ஆட்டோவில் இடம் இருந்ததால் நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன.

கால்நடை மருத்துவர் வேலைக் களைப்பில் இருந்த ஒரு பெண். துண்டை எடுப்பதற்கு முன்பே நம்மவர் வாக்குமூலத்தை ஆரம்பித்துவிட்டார். “டாக்டர், எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. என் மனைவிக்கு இதுல சம்பந்தமே இல்ல. பேப்பர் வந்துக்கிட்டே இருக்கு…” உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. பயந்தாலும் மனைவியைக் காட்டிக்கொடுக்கவில்லை, பாருங்கள்.

டாக்டர் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஈரப் பஞ்சை எடுத்து இறகில் ஒரு இழுப்பு இழுத்தார். பஞ்சு கத்திரிப்பூ நிறமாயிற்று. இறகு வெள்ளையாயிற்று.

“சாயம் அடிச்சு வித்திருக்காங்க. இறகு கோதறப்போ எல்லாம் வயித்துக்குள்ள போயிருக்கு. வெயில் பட்டு எத்தனை நாளாச்சு? பாவம், இது சாதாரண லவ் பேர்ட்ஸ்தானே. பொழைச்சுக்கும். தினமும் குளிக்கத் தண்ணி வைங்க, ஜன்னல் பக்கம் மாட்டுங்க.”

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்மவர் பேயறைந்த மாதிரி நின்றார். சீருடைக்காரர்களிடம் அவர் இத்தனை நாளாகச் சொன்ன பொய் அத்தனையும் உண்மை. நம்மிடம் சொன்ன உண்மைதான் பொய்.

“அப்போ இதை வெச்சுக்கறது…” என்றார்.

“தாராளமா வெச்சுக்கலாம். எந்தத் தடையும் இல்ல.”

“ஒரு சின்னத் தடைகூடவா இல்ல?”

“இல்ல.”

“ஒரு பர்மிஷன்? ஒரு அபராதமாவது?”

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த நாய்க்காரரைக் கூப்பிட்டார்.

மடியில் கனம் இல்லையென்றால் வழியில் பயம் இல்லை என்பார்கள். இவருக்கு வேண்டியிருந்ததே அந்தப் பயம்தான். அதற்காகத் தேடித் தேடி மடியில் கட்டிக்கொண்ட கனம் வெறும் பஞ்சு என்று தெரிந்தால் மனிதர் என்ன செய்வார்?

இப்போது பறவை அந்த அம்மாவுடையது. பால்கனியில், வெயிலில், கிண்ணத்தில் இறங்கித் தண்ணீரை நாலாபக்கமும் வாரியடித்துக் குளிக்கிறது. பக்கத்துப் பறவைக்கடையில் இன்னொன்றும் துணைக்கு வாங்கி விட்டிருக்கிறார். மணி அடித்தால் யாரும் ஓடுவதில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது நம்மவர் கூடத்தில் உட்கார்ந்து, குழுக்காரர் ஒருவரோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஆமாங்க, பறிமுதல் பண்ணிட்டாங்க. ரெண்டு ஜீப்பு. என் கண்ணு முன்னாலயே கொண்டுபோனாங்க. மேல்மட்டத்துல பேசித்தான் கேஸ் இல்லாம தப்பிச்சேன்… சேச்சே, பின்னால கத்தறதா? அது லவ் பேர்ட்ஸ். வீட்ல வளர்க்கறாங்க.”

அந்த அம்மா ஏணியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, வாயில் விரல் வைத்து, சிரிக்காதீர்கள் என்று ஜாடை காட்டினார்.

இதைப் படித்து நீங்கள் சிரித்தீர்கள் என்றால் சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தீவுப் பறவையின் நீளமான பெயரை நான் எங்குமே எழுதவில்லை என்பதை எந்த இடத்தில் கவனித்தீர்கள்? அசல் எங்கே கிடைக்கும், பேப்பர் இருந்தால் வாங்கலாமா என்று மனசுக்குள் ஒரு ஓரத்தில் கேட்டுக்கொண்டீர்களா இல்லையா? இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். சரி, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்… பார்த்தீர்களா, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டீர்களே!