ஹாரன் அடிக்காத திருப்பம்

பிணந்தின்னிக் கழுகுக்காக பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர், இந்த உலகத்திலேயே எங்கள் கழுகு கண்டக்டர் ஒருவராகத்தான் இருக்க முடியும். எழுபதுகளின் கடைசியில் ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறிய பஸ் அவருடையது. மலைப் பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியாராகப் போன நான் அதன் படிக்கட்டில் தொங்குவேன்.

பாறைத் திருப்பம் வந்தால் விசில் ஊதமாட்டார். டிரைவரின் தோளைத் தட்டுவார். ஹாரன் கூடாது. வண்டி நின்றதும் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே விட்டுப் பாறை உச்சியிலிருந்த கழுகுக் கூட்டைப் பார்ப்பார்.

"இன்னா கண்டக்டரே, பொணந்தின்னிக்கெல்லாம் ஸ்டாப்பிங்கா?" என்பாள் புளிக்கூடைக் கிழவி.

"மெதுவா பேசு ஆயா. புள்ளத்தாச்சி கீற வூடு!"

ஒரு தை மாதம், கழுகு அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்று பஸ் முழுக்கப் புளிப்பு மிட்டாய் கொடுத்தார். "வருசத்துக்கு ஒரே முட்டதான் சார். கவர்மென்ட்டு ரெண்டு போதும்னுது, இது ஒண்ணோட நிறுத்திக்கிச்சு!"

எனக்கு ஆசை தலைக்கேறியது. திருப்பத்தூரில் ஒரு காமிராவை இரவல் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பாறை மேல் ஏறினேன். என்னைக் கண்டதும் கழுகு எழுந்து பறந்தது. திரும்பி வந்து முட்டை மேல் உட்காரும்போது எடுக்கலாம் என்று அசையாமல் காத்திருந்தேன். நான்கு மணி நேரம், உச்சி வெயில்! என் பொறுமையை நானே மெச்சிக்கொண்டேன். கழுகு மேலே வட்டமடித்துக்கொண்டே இருந்தது. அது வரட்டும் என்று நான்; நான் போகட்டும் என்று அது. கடைசியில் வந்தது காக்கை. நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் முட்டை உடைந்துவிட்டது.

மறுநாள் படிக்கட்டில் நின்றபடியே அவரிடம் சொன்னேன். டிக்கெட்டைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

"வாசல்ல ஒரு ஆளு குந்தினு இருந்தா, அது எப்டி சார் வூட்டுக்குள்ள வரும்?"

அவ்வளவுதான். திருப்பத்தில் கிழவி கேட்டாள்: "குஞ்சு பொரிச்சுச்சா கண்டக்டரே?"

"காக்கா கொத்திடுச்சு ஆயா." என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தக் கழுகு ஜோடி பிறகு அந்தப் பாறைக்கு வரவில்லை. ஒருநாள் திருப்பத்தில் டிரைவர் கை ஹாரனுக்குப் போனது. கண்டக்டர் தோளைத் தட்டினார்.

"இன்னும் யாரு கீறாங்கண்ணா அங்க?"

"வந்தாலும் வருவாங்கப்பா."

மாற்றலாகி மலையிறங்கிய கடைசி நாளிலும் அந்தத் திருப்பத்தில் பஸ்ஸே பேச்சை நிறுத்தியது. எல்லாருக்கும் முன்னால் நிறுத்தியது நான்.