குதிரைக்குட்டிக்கு நாற்பது நாள் வீட்டுக்காவல்

கால்நடை வைத்தியம் படித்தவனுக்குக் குதிரையைப் பற்றித் தெரியும் என்று நம்புகிறவர்கள் என்னைச் சந்திக்காதவர்கள். (நான் படித்ததெல்லாம் மாடு, பரீட்சையில் வந்ததும் மாடு.) அப்படியும் 1950களில், பெங்களூருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணையில் எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள்.

சேர்ந்த வாரமே ஒரு பந்தயக் குதிரை குட்டி போட்டது. முதலாளி மைசூர்க்காரர், பாதி கன்னடத்தில்தான் பேசுவார். "குட்டி கால் ஜோபான, பத்திரம், டாக்டரே! அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க வேலையும் ஹோயித்து" என்று கண்ணை உருட்டினார்.

குட்டிக்கு மூட்டில் குருத்தெலும்பு இளசு, ஓடினால் தேய்ந்துவிடும் என்று எனக்குப் பட்டது. பெங்களூர் விவேக் நகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு முன்பு அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாற்பது நாள் அறைக்கதவு சாத்தியே இருந்தது. தாயும் சேயும் நன்றாகத்தானே இருந்தார்கள்? அதையே இங்கும் செய்தேன். லாயத்தைச் சாத்தி, வைக்கோலை முழங்கால் உயரம் பரப்பி, சாம்பிராணியும் போடச் சொன்னேன்.

குதிரைகளைப் பார்த்துக்கொண்ட ஆரோக்கியசாமி, பெங்களூர் நீலசந்திராக்காரர், தலையைச் சொறிந்தார். "சார், தாயோட வெளில வுட்டுடுவோம். ஓடினாத்தான் மூட்டு கெட்டிப்படும்."

"எங்க அக்கா குழந்தைய ஓடவா விட்டாங்க?" என்றேன். (உண்மையாகவே கேட்டேன்.)

நாற்பத்தோராம் நாள் முதலாளி விருந்தாளிகளோடு வந்தார். கதவைத் திறந்தோம். குட்டி வெயிலைக் கண்டு மிரண்டு பாய்ந்தது. நாலு காலும் நாலு திசையில் போக, ஒரு அம்மாளின் செருப்பின் மேல் உட்கார்ந்துவிட்டது. முதலாளி குட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஒரு மாசம் டைம். அதுக்குள்ள ஓடலேன்னா நீங்க கிளம்புங்க" என்றார்.

மறுநாளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு குட்டியை வட்டம் வட்டமாக விரட்டினேன். மூன்றாம் நாள் அது நொண்டியது. ஆரோக்கியசாமி கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

"இப்ப அது ஓடணுமா, கூடாதா? ஒண்ணச் சொல்லுங்க!" என்று அழாத குறையாகக் கத்தினேன்.

"அது இஷ்டத்துக்கு வுடுங்க சார். தாய் ஓடினா ஓடும், நின்னா நிக்கும். நீங்க வேலிக்கு அந்தாண்ட நில்லுங்க."

நின்றேன். மாதம் முடிவதற்குள் குட்டி தாயை முந்தியது; என் வேலையும் தப்பியது. சின்ன வயதில் அளவாக ஓடினால்தான் குருத்தெலும்பு உறுதிப்படும் என்று பிற்பாடு புத்தகங்களிலும் படித்தேன். அந்த அளவுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

என் கல்யாணத்துக்கு வந்த ஆரோக்கியசாமி மணப்பெண்ணிடம் முழுக்கதையையும் சொல்லிவிட்டுப் போனார். அதனால் எங்கள் மூன்று பிள்ளைகளும் நடை பழகியபோது நான் பக்கத்தில் போகவே அனுமதி இல்லை. போன வாரம் பேத்தி முதல் அடி வைத்தாள். நான் கையை நீட்டியதுதான் தாமதம், வீடே ஒரே குரலில் கத்தியது: "வேலிக்கு அந்தாண்ட!"